தடுக்காது என்பது அனுமதி ஆகாது

வலைத்தளங்களிலிருந்து தரவு திரட்ட நிரல் எழுதுபவர்களிடையே ஒரு கருத்து இப்போது கேட்பாரற்று உலவுகிறது. "ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி வெறும் வேண்டுகோள்தான். அது யாரையும் தடுப்பதில்லை, அதற்குச் சட்ட பலமும் கிடையாது. பெரிய கம்பெனிகளே அதை மதிப்பதில்லை. நாம் மட்டும் ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?" நேற்று பைதான் கற்கத் தொடங்கிய கல்லூரி மாணவர் சொல்கிறார், பல ஆண்டு அனுபவமுள்ள பொறியாளரும் சொல்கிறார். பயிற்சி வீடியோக்களில் இதற்கு விளக்கம்கூடத் தருவதில்லை. "இந்த செட்டிங்கை ஆஃப் பண்ணிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இந்தக் கருத்து அடிப்படையிலேயே தவறு என்கிறேன். இதன் பலனை முதலில் அனுபவிக்கப்போவதும் பெரிய கம்பெனிகள் அல்ல, இதைச் சொல்லிக்கொண்டிருக்கும் சிறியவர்கள்தான்.

இந்தக் கோப்பைப் பார்த்திராதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு தளத்தின் முகவரிக்குப் பின் சாய்கோடு போட்டு ரோபாட்ஸ்.டிஎக்ஸ்டி என்று அடித்தால் பெரும்பாலும் ஒரு சிறிய எழுத்துக்கோப்பு திறக்கும். எந்த 'பாட்'டுக்கான (ரோபோ எனப்படும் தானியங்கி நிரலுக்கான) விதி என்பதை 'யூசர்-ஏஜென்ட்' என்ற வரி சொல்லும். அதன்கீழ் வரும் 'டிஸ்அலவ்' வரிகள் எந்தப் பாதைகளுக்குள் வரக்கூடாது என்றும், 'அலவ்' வரிகள் எவற்றுக்குள் வரலாம் என்றும் சொல்லும். யூசர்-ஏஜென்ட்டுக்கு நேரே நட்சத்திரக்குறி இருந்தால் அந்த விதி தனிப் பெயர் குறிக்கப்படாத எல்லா பாட்களுக்கும் பொருந்தும். தளத்துக்குள் வரும் தானியங்கி நிரல் முதலில் இந்தக் கோப்பைப் படிக்க வேண்டும். பிறகு எடுக்கப்போகும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அனுமதி உண்டா என்று சரிபார்த்து எடுக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டை யாரும் மேலிருந்து திணிக்கவில்லை என்பதை முதலில் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 1994-ல் இதை முன்மொழிந்தவர் மார்டைன் கோஸ்டர் என்ற டச்சு மென்பொருளாளர். அவர் ரோபோக்களின் எதிரி அல்லர். வலையின் தொடக்ககாலத் தேடல் கருவிகளில் ஒன்றான ஆலிவெப்பை அதற்கு முந்தைய ஆண்டில் உருவாக்கியவரே அவர்தான். அன்றைய சர்வர்கள் மெலிந்தவை. அவசரமாக எழுதப்பட்ட ஒரு ரோபோ வந்து பக்கங்களை அடுக்கடுக்காகக் கேட்டால் சர்வர் படுத்துவிடும். ரோபோ எழுதியவர்களும் தளம் நடத்தியவர்களும் பேசி, ரோபோ எழுதியவர்களே தங்களுக்கு விதித்துக்கொண்ட ஒழுங்கு இது. வெப்கிராலர், லைக்காஸ், ஆல்டாவிஸ்டா போன்ற அக்காலத் தேடல் கருவிகள் அதை ஏற்றுக்கொண்டன. 28 ஆண்டுகள் முறைசாரா உடன்பாடாகவே நடந்து, 2022 செப்டம்பரில்தான் ஆர்எஃப்சி 9309 என்ற எண்ணில் இணையத் தரநிலை ஆவணமாக வெளிவந்தது. கோஸ்டரும் கூகுள் பொறியாளர்கள் மூவரும் அதன் ஆசிரியர்கள்.

'வெறும் வேண்டுகோள்' கட்சியினர் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுவதும் இந்த ஆவணத்தைத்தான். இந்த விதிகள் அணுகல் உரிமைச் சீட்டு அல்ல என்று அதன் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. உண்மைதான். ஆனால் அது யாரைப் பார்த்துச் சொன்னது என்பதைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்பு பற்றிய பகுதியில் ஆவணமே விளக்குகிறது: ரகசியமான பக்கங்களை மறைக்க இந்தக் கோப்பை நம்பாதீர்கள், அதற்குக் கடவுச்சொல் போன்ற முறையான பாதுகாப்பு வேண்டும், இதில் எழுதிய பாதை எல்லோர் கண்ணிலும் படும். தளம் நடத்துபவருக்கான எச்சரிக்கை அது. அதே ஆவணம் ரோபோ எழுதுபவரைப் பார்த்துப் பேசும் இடங்களில் 'கட்டாயம்' என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்துகிறது. வீட்டுக்காரருக்குச் சொன்ன எச்சரிக்கையை வழிப்போக்கர் தன் உரிமைப் பத்திரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தடுக்கவில்லையே, பிறகென்ன என்று கேட்பவர்கள் மனிதரும் நிரலும் ஒரு தளத்துக்குள் வருவதில் உள்ள வேறுபாட்டையே மறந்துவிடுகிறார்கள். மனிதருக்குக் கை வலிக்கும், சலிக்கும். பக்கம் திறக்கத் தாமதமானால் 'சர்வர் திணறுகிறது போலிருக்கிறது' என்று விட்டுவிடுவார். ரோபோவுக்கு இதெல்லாம் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. ஒரு விக்கித் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 200 பதிப்புகள் உள்ள ஒரே ஒரு கட்டுரை. அதன் எந்த இரண்டு பதிப்புகளையும் ஒப்பிட்டுக் காட்டும் வசதி விக்கியில் உண்டு. அப்படியானால் அந்த ஒரு கட்டுரையிலிருந்து 19,900 ஒப்பீட்டுப் பக்கங்கள் பிறக்கும். வாசகர் வாழ்நாளில் இரண்டையோ மூன்றையோ திறந்து பார்ப்பார். ரோபோ இணைப்பைக் கண்டால் சொடுக்கும், அத்தனையையும் கேட்கும். கட்டுரைப் பக்கம் என்றால் ஏற்கனவே சேமித்து வைத்த பிரதியை நீட்டிவிடலாம். ஒப்பீட்டுப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் தரவுதளத்திலிருந்து புதிதாகக் கணக்கிட்டு எழுப்ப வேண்டும். நாள்காட்டி வைத்த தளங்களில் 'அடுத்த மாதம்' என்ற இணைப்பைப் பிடித்துக்கொண்டு கி.பி. 3000-ஐத் தாண்டியும் ரோபோ போய்க்கொண்டே இருக்கும். இந்த மாதிரி இடங்களைத்தான் தளம் நடத்துபவர்கள் டிஸ்அலவ் வரிகளில் எழுதி வைக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை எதையும் ஒளிப்பதற்காக எழுதியவை அல்ல. 'இந்தப் பக்கம் வராதே, உனக்கும் பயன் இல்லை, எனக்கும் செலவு' என்று வழி காட்டும் குறிப்புகள். படித்துப் பார்த்தால் திரட்டுபவருக்கே நேரம் மிச்சமாகும்.

அடுத்து, பெரியவர்களே மதிப்பதில்லை என்ற வாதம். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது இவ்வளவு செல்வாக்கோடு திரிகிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குத் தீனி தேடி அலையும் பாட்களால் 2024 முதல் திறந்த வலை படும் பாடு கொஞ்சமல்ல. விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். படம், ஒலி, காணொளிக் கோப்புகளை இறக்குவதற்கான அலைவரிசைச் செலவு 2024 ஜனவரியிலிருந்து 50 சதவீதம் கூடியிருந்தது. பக்கப் பார்வைகளில் பாட்களின் பங்கு ஏறத்தாழ 35 சதவீதம்தான். ஆனால் சர்வருக்கு அதிகம் செலவு வைக்கும் கோரிக்கைகளில் 65 சதவீதம் அவற்றுடையது. மனிதர்கள் பலர் ஒரே பக்கத்தைப் பார்ப்பார்கள். பாட்கள் யாரும் தொடாத மூலைமுடுக்குப் பக்கங்களையும் துழாவும். அதனால்தான் இந்த ஏற்றத்தாழ்வு. ரீட் த டாக்ஸ் என்ற ஆவணத் தளத்தில் ஒரே ஒரு பாட் 2024 மே மாதத்தில் 73 டெராபைட் இறக்கியது. அலைவரிசைக்காக அவர்கள் கட்டிய பணம் 5,000 டாலருக்கு மேல்.

ஆனால் இதிலிருந்து 'கோப்பு செத்துவிட்டது' என்று முடிவு கட்டுபவர்கள் மறுபாதியைப் பார்ப்பதில்லை. 2024 ஜூலையில் ஐஃபிக்ஸிட் என்ற பழுதுபார்ப்புக் கையேட்டுத் தளத்தின் தலைவர் கைல் வீன்ஸ், ஆந்த்ரோபிக் நிறுவனத்தின் பாட் 24 மணி நேரத்தில் பத்து லட்சம் முறை தங்கள் சர்வரைத் தட்டியதாகப் பகிரங்கமாகப் புகார் செய்தார். கொதிக்க வேண்டிய விஷயம்தான். பிறகு நடந்ததும் செய்தியில் வந்தது: ரோபாட்ஸ் கோப்பில் உரிய வரியைச் சேர்த்தபின் அந்த பாட் நின்றது என்று அவரே சொன்னார். சில வரிகள் எழுதிய ஒரு சிறிய கோப்பு பத்து லட்சம் கோரிக்கைகளை நிறுத்தியது. நிரலுக்குள் அந்தச் சரிபார்ப்பை யாரோ எழுதி வைத்திருந்ததால்தான் அது நடந்தது. சரிபார்ப்பு இல்லாத பாட்டுக்கு எதிரே இதே கோப்பு ஒன்றும் செய்திருக்காது. ஆகவே கோப்பு உயிரோடு இருக்கிறதா என்பது கோப்பில் இல்லை. அதைப் படிக்கும் நிரலை எழுதுபவர் கையில் இருக்கிறது. "அதை யாரும் மதிப்பதில்லை" என்று சொல்லிக்கொண்டே அந்த வரியைத் தன் நிரலிலிருந்து நீக்குபவர், நடப்பதை விவரிக்கவில்லை. அதை நடத்திக்கொண்டிருக்கிறார்.

மதிக்காவிட்டால் என்ன வரும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை, வந்துவிட்டது. 2025 தொடக்கத்தில் க்ஸீ யாசோ என்ற மென்பொருளாளர், தன் கிட் சர்வரை ஒரு பாட் அலைக்கழித்ததால் அனுபிஸ் என்ற கருவியை எழுதினார். தளத்துக்கு வருபவரின் பிரவுசர் முதலில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், பிறகுதான் பக்கம் திறக்கும். க்னோம் போன்ற கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் அதைத் தங்கள் தளங்களின் வாசலில் நிறுத்தின. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், வேறு வழி இல்லை. ஆனால் விலை கொடுப்பவர் யார்? பழைய போனில் படிக்க முயல்பவர், ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்து வைத்திருப்பவர், எழுத்து மட்டுமே காட்டும் பிரவுசர் பயன்படுத்துபவர். 2025 ஜூலையிலிருந்து கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் புதிதாகச் சேரும் தளங்களுக்கு ஏஐ பாட்களைத் தடுப்பதையே இயல்பு ஏற்பாடாக்கியது. பக்கத்துக்கு இவ்வளவு என்று பாட்களிடம் கட்டணம் வாங்கும் திட்டத்தையும் கூடவே தொடங்கியது. பெரிய நிறுவனம் கட்டணத்தைக் கட்டும், ஒப்பந்தம் போடும், வழக்கறிஞரை அனுப்பும். முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பழைய இதழ்களின் எழுத்துநடையைத் தொகுக்கும் மாணவி என்ன செய்வார்? தமிழ்ச் சொல்திருத்தி எழுத ஓய்வுநேரத்தில் உரை திரட்டும் இளைஞர் என்ன செய்வார்? வேண்டுகோளைக் கேட்காதவர்கள் கட்டச் செய்த மதில் அது. ஏணி வாங்க முடியாதவர்தான் வெளியே நிற்பார்.

தமிழுக்கு இதில் தனியாக ஓர் இழப்பு உண்டு. மொழி மாதிரிகளுக்கும் மொழியியல் ஆய்வுக்கும் பயன்படும் பொதுத் தமிழ் உரைத்தொகுப்புகளில் பல, காமன் க்ரால் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு திரட்டிய பக்கங்களிலிருந்து வடித்தவை. அதன் பாட் ரோபாட்ஸ் கோப்பைப் படித்து நடப்பது. அடாவடி பாட்களால் வெறுத்துப்போன தளக்காரர், எல்லா பாட்களுக்கும் சேர்த்து ஒரே வரியில் கதவைச் சாத்தினால் கட்டுப்பட்டு வெளியேறுவது காமன் க்ரால்தான். சொல்பேச்சு கேட்காதது வேறு பெயரில் உள்ளே வரும். ஆங்கிலத்தில் ஆயிரம் தளங்கள் மூடினாலும் இன்னும் ஆயிரம் இருக்கும். தமிழில் நல்ல உரைநடை குவிந்துள்ள தளங்கள் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். அவற்றில் கணிசமானவை தன்னார்வலர்கள் கைக்காசிலும் நன்கொடையிலும் நடத்துபவை. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் அப்படி வந்தது, ஈழத்து நூல்களைச் சேமிக்கும் நூலகம் தளம் அப்படி வந்தது. இவை போன்ற இடங்களைத் தொந்தரவு செய்யாமல் எடுக்கப் பழகுவது தமிழ்க் கணினிக்காரருக்கு வெறும் மரியாதை சார்ந்த விஷயம் அல்ல, நாளைக்கும் எடுக்க முடியுமா என்ற கேள்வி.

சட்டத்தைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. நியாயத்துக்கு நீதிமன்றத் தீர்ப்பு துணை நிற்க வேண்டியதில்லை. ஆனால் எதிர்த்தரப்பு எப்போதும், லிங்க்ட்இன் தளத்தைத் திரட்டிய ஹைக்யூ நிறுவனத்தின் வழக்கை இழுப்பதால் சொல்லியாக வேண்டும். பொதுவில் கிடக்கும் பக்கங்களைத் திரட்டுவது அமெரிக்கக் கணினி ஊடுருவல் சட்டத்தின்கீழ் குற்றமாகத் தெரியவில்லை என்ற நிலையை 2022 ஏப்ரலில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் உறுதிப்படுத்தியது. இதுவரைதான் அவர்கள் சொல்வார்கள். அதே ஆண்டு இறுதியில் கீழ் நீதிமன்றம் ஹைக்யூ பயன்பாட்டு ஒப்பந்தத்தை மீறியதாகக் கண்டது, 5 லட்சம் டாலருக்குத் தீர்ப்பாகி வழக்கு முடிந்தது என்பதைச் சொல்ல மாட்டார்கள். 2000-ல் ஈபே தளத்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துழாவிய பிடர்ஸ் எட்ஜ் நிறுவனத்துக்கு எதிராகக் கலிஃபோர்னியாவில் இடைக்காலத் தடை பிறந்ததும் உண்டு. பின்னாளில் அந்தக் கோட்பாடு சுருக்கப்பட்டதும் உண்டு. ஐரோப்பாவில் நிலைமை இன்னும் தெளிவு. 2019-ன் பதிப்புரிமை நெறிமுறை, உரை–தரவு அகழ்வுக்கு உரிமையாளர் மறுப்புத் தெரிவிக்கலாம், இணையத்தில் உள்ளவற்றுக்கு அதை இயந்திரம் படிக்கும் வடிவில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2025 ஜூலையில் வெளிவந்த பொதுப்பயன் ஏஐ நடத்தை விதித்தொகுப்பு, கையெழுத்திடும் நிறுவனங்களின் பாட்கள் ரோபாட்ஸ் கோப்பைப் படித்துப் பின்பற்ற வேண்டும் என்று ஆர்எஃப்சி 9309-ஐப் பெயர் சொல்லியே கேட்கிறது. சட்ட பலமே இல்லாத காகிதம் என்ற பேச்சு பழசாகிவிட்டது.

இனி, 'நாங்கள் சரிபார்க்கத்தான் செய்கிறோம், லைப்ரரி போட்டிருக்கிறோம்' என்பவர்களிடம் வருகிறேன். இவர்களோடுதான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இவர்கள் நல்ல எண்ணம் உள்ளவர்கள். ஒரு வரியில் முடிகிற வேலை என்று நினைத்து எழுதும் சரிபார்ப்பு பல நேரம் சரிபார்ப்பே இல்லாததற்குச் சமம்.

பைதானோடு கூடவே வரும் ரோபாட்பார்சர் என்ற தொகுதியைப் பாருங்கள். கோப்பைப் படி, பிறகு 'கேன்-ஃபெட்ச்' என்று கேள், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். எளிமைதான். ஆனால் அது நெடுங்காலமாக 1990-களின் விதிப்படி எழுதப்பட்டது. விதிகளை மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்ளும். ஆர்எஃப்சி 9309-ன்படி வரிசை முக்கியமில்லை, பாதையோடு மிக நீளமாகப் பொருந்தும் விதியே செல்லும். ஒரு தளக்காரர் முதல் வரியில் 'எல்லாவற்றுக்கும் அலவ்' என்றும் அடுத்த வரியில் 'தேடல் பக்கங்களுக்கு டிஸ்அலவ்' என்றும் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூகுளின் பாட் தேடல் பக்கத்தைத் தொடாது. பழைய முறைப்படி படிக்கும் உங்கள் நிரல் முதல் வரியிலேயே திருப்தியாகி உள்ளே போகும். பாதையில் நட்சத்திரமும் இறுதியில் டாலர் குறியும் போட்டு 'பிடிஎஃப் எதையும் எடுக்காதே' என்று எழுதியிருந்தால், பழைய முறை அந்தக் குறிகளை வெறும் எழுத்தாகவே பார்க்கும். ஒரு பிடிஎஃப்கூடத் தடைபடாது. நிரல் எழுதியவர் நல்லவர், லைப்ரரி பழையது, சர்வர் படுக்கிறது.

இன்னொன்று, பெயர். பாட்டின் பெயர் என்று எதைக் கொடுப்பது? பலர் கோரிக்கையோடு அனுப்பும் முழு அடையாள வரியையும் அப்படியே கேன்-ஃபெட்ச்சுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வரி வழக்கமாக 'மொசில்லா, சாய்கோடு, 5.0' என்று தொடங்கும். ரோபாட்பார்சர் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் உள்ளதை மட்டும் பெயராக எடுத்துக்கொள்ளும். உங்கள் பாட்டின் பெயரை எழுதி, வராதே என்று தளக்காரர் தனியாகக் கேட்டிருந்தாலும் உங்கள் நிரல் அதைப் பார்க்கவே பார்க்காது, ஏனென்றால் அதன் பெயர் இப்போது மொசில்லா. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. ஆனாலும் மறுமுனையில் லாகைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உங்களுக்கும் அடாவடிக்காரருக்கும் வித்தியாசம் தெரியாது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு, அதுவே பலரை இந்தச் சரிபார்ப்பின்மீது வெறுப்படைய வைக்கிறது. அதே தொகுதி ரோபாட்ஸ் கோப்பை இறக்கும்போது உங்கள் பாட் பெயரைச் சொல்லாமல் பைதானின் பொதுப் பெயரைச் சொல்லிக் கேட்கும். தளத்தின் முன்னால் நிற்கும் பாதுகாப்பு அடுக்குக்கு அந்தப் பெயர் பிடிக்காமல் 403, அதாவது அனுமதி இல்லை, என்று திருப்பிவிடும். தொகுதி உடனே 'முழுத் தளமும் தடை' என்று முடிவு கட்டிவிடும். உண்மையில் கோப்பு எல்லோரையும் வரவேற்றிருக்கும். ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு, 'இந்தக் கோப்புச் சமாச்சாரமே உதவாது' என்று வரியை நீக்கிவிடுகிறார்கள். கோளாறு கோப்பில் இல்லை. கோப்பை உங்கள் பாட்டின் சொந்தப் பெயரில் நீங்களே இறக்கி, எழுத்தை மட்டும் பார்சரிடம் கொடுத்தால் தீர்ந்தது. பார்சரும் புதியதாக இருக்கட்டும். கூகுள் தன் சொந்த சி++ பார்சரை 2019-ல் திறந்த மூலமாக வெளியிட்டது. ஸ்க்ரேப்பி என்ற பைதான் திரட்டல் கருவி இப்போது இயல்பாகவே புரோட்டெகோ என்ற நவீனப் பார்சரைப் பயன்படுத்துகிறது. ஸ்க்ரேப்பியில் புதிய திட்டம் தொடங்கினால் உருவாகும் செட்டிங் கோப்பில் ரோபாட்ஸ் விதிக்குக் கட்டுப்படும் வரி 'ட்ரூ' என்றே இருக்கும். வீடியோவில் 'ஃபால்ஸ்' ஆக்கச் சொல்வது அந்த வரியைத்தான்.

எல்லாவற்றிலும் மோசமானது ஒன்று இருக்கிறது. கோப்பு கிடைக்காதபோது என்ன செய்வது? கையால் எழுதிய நிரல்களில் அடிக்கடி காண்பது இதுதான்: முயன்று பார், பிழை வந்தால் அனுமதி உண்டு என்று வைத்துக்கொள். இரண்டே வரி. பிழை எது என்று கேட்பதில்லை. 404 வந்தால் கோப்பு இல்லை, போகலாம், சரி. 500, 503 வந்தால்? சர்வர் திணறுகிறது என்று பொருள். ஆர்எஃப்சி 9309 இந்த இடத்தில் கட்டாயம் என்கிறது: 5-ல் தொடங்கும் பிழை வந்தால், சர்வரைத் தொடவே முடியாமல் போனால், முழுத் தளமும் தடை என்று கொள். அந்த இரண்டு வரி நிரலோ சர்வர் விழும் நிலையில் இருக்கும் நொடியிலேயே எல்லாத் தடைகளும் நீங்கிவிட்டதாக முடிவெடுத்து முழு வேகத்தில் உள்ளே பாய்கிறது. வேண்டுகோள்தானே என்ற மனநிலை நிரலில் எடுக்கும் உருவம் இதுதான். யாரும் கொடுமை செய்ய நினைத்து இதை எழுதுவதில்லை. பார்க்காவிட்டாலும் பாதகமில்லை என்று ஏற்கனவே நம்பிவிட்டதால் எழுதுகிறார்கள்.

தமிழ்ப் பாதைகளில் மேலும் கவனம் தேவை. 'கட்டுரை' என்ற சொல் யூனிகோடில் 7 குறிகள், 21 பைட்டுகள். முகவரிக்குள் சதவீதக் குறியிட்டு எழுதும்போது 63 எழுத்துகளாக நீளும். கோப்பில் தளக்காரர் தமிழிலேயே எழுதியிருக்கலாம், இணைப்பில் சதவீதக் குறி வடிவில் இருக்கலாம். ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது விதி. நேரடியாக எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு பாதைகள். அதோடு நிற்பதில்லை. 'தொடர்' என்பதில் உள்ள 'தொ'வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் எனத் தனித்தனி இரண்டு குறிகளாகவும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாகக் கிடப்பதுண்டு. கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டுகளில் வேறு. ஒப்பீடு பைட்டுகளில் நடப்பதால் கோப்பில் ஒரு விதமும் இணைப்பில் இன்னொரு விதமும் இருந்தால் தடை பொருந்தாது. இதை எந்த வெளிநாட்டு லைப்ரரிக்காரரும் நமக்காகச் சோதித்துக் கொடுக்கப்போவதில்லை. தமிழ்த் தளங்களைத் திரட்டுபவர்கள்தான் இரண்டு வடிவத்திலும் பார்த்து, ஏதாவது ஒன்றில் தடை இருந்தாலும் நிற்கும்படி எழுத வேண்டும்.

எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் வாதம் ஒன்றே ஒன்று, அது காப்பகக்காரர்களுடையது. ஒரு தளம் மூடப்படுகிறது, முகவரி கைமாறுகிறது. புதிதாக வாங்கியவர் எல்லா பாட்களையும் தடுத்து ஒரு கோப்பு வைக்கிறார். அந்த ஒரு கோப்பால் முந்தைய உரிமையாளரின் பல்லாண்டு எழுத்தும் காப்பகத்தில் பார்க்கக் கிடைக்காமல் போகும். இன்டர்நெட் ஆர்க்கைவ் இந்தச் சிக்கலை அனுபவித்துத்தான் 2016 இறுதியில் அமெரிக்க அரசு, ராணுவத் தளங்களுக்கு ரோபாட்ஸ் கோப்பைப் பார்ப்பதை நிறுத்தியது. தேடல் கருவிகளுக்காக எழுதிய விதிகள் காப்பகத்துக்கு எப்போதும் பொருந்துவதில்லை என்று 2017-ல் வெளிப்படையாக அறிவித்தது. எனக்கு அதில் உடன்பாடு உண்டு. அரசு தன் பழைய அறிக்கையை மக்கள் கண்ணிலிருந்து மறைக்க இந்தக் கோப்பு கருவியாகக் கூடாது.

ஆனால் அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று பாருங்கள். தன் பெயரைச் சொல்லும் ஒரு நிறுவனம், எந்த வகைத் தளங்களுக்கு, என்ன காரணத்தால் என்று பொதுவில் எழுதி வைத்தது. நீக்கச் சொல்லி வரும் கோரிக்கைகளுக்குப் பதில் சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்திருக்கிறது. கோப்பைப் படித்து, எடைபோட்டு, விலகியது. அதை மேற்கோள் காட்டிக்கொண்டு பெயரில்லாத ஒரு நிரலை வாடகை சர்வரில் ஓடவிடுபவர் கோப்பைப் படித்ததே இல்லை. காரணத்தோடு விலகுவதற்கும் பார்க்காமலே போவதற்கும் இடையில் இருப்பதைத்தான் பொறுப்பு என்கிறேன். விலகுவதாக இருந்தாலும் சரிபார்ப்பு நிரலில் இருக்கத்தான் வேண்டும். எங்கே விலகினோம் என்ற பதிவு அப்போதுதான் மிஞ்சும்.

கோப்பின் மொழி போதவில்லை என்பதும் உண்மை. 'தேடலுக்கு எடு, பயிற்சிக்கு எடுக்காதே' என்று நோக்கத்தைப் பிரித்துச் சொல்ல 1994-ன் இலக்கணத்தில் இடமில்லை. ஒவ்வொரு பாட்டின் பெயரையும் தேடிப்பிடித்து எழுத வேண்டியிருக்கிறது. புதுப் பெயர் முளைத்தால் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. இந்தக் குறையைத் தீர்க்க இணையத் தரநிலை அமைப்பில் 2025-ல் ஒரு பணிக்குழு அமைந்திருக்கிறது. அவர்கள் எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் அதைப் படிக்கப்போவதும் பாட் எழுதுபவர்தான். இன்றைய இரண்டு சொற்களைப் படிக்க மறுப்பவர் நாளை மூன்றாவது சொல்லைப் படிப்பார் என்று நான் நம்பவில்லை.

தமிழ் உரை திரட்ட இறங்குபவர்களிடம் கேட்பது அதிகமில்லை. பாட்டுக்கு ஒரு பெயர் வையுங்கள், அடையாள வரியில் தொடர்பு முகவரி போடுங்கள். ஒவ்வொரு ஹோஸ்டுக்கும் தனியாகக் கோப்பை எடுங்கள். துணை டொமைன் வேறு, போர்ட் வேறு என்றால் கோப்பும் வேறு. 24 மணி நேரத்துக்கு மேல் பழைய பிரதியை நம்பாதீர்கள். ஒரு பக்கம் வேறெங்கோ திருப்பிவிட்டால் போய்ச்சேர்ந்த முகவரியையும் சரிபாருங்கள். கோப்பு ஒன்றும் சொல்லாவிட்டாலும் இரண்டு கோரிக்கைகளுக்கு நடுவே மூச்சு விடுங்கள். முழுத் தொகுப்பும் வேண்டும் என்றால் தளம் நடத்துபவருக்கு ஒரு மடல் எழுதுங்கள். பக்கம் பக்கமாக நீங்கள் உருவ வேண்டிய அவசியமே இல்லாமல், அவரே கோப்பாகத் தரக்கூடும். தமிழ் விக்கிப்பீடியாவைத் துழாவ இன்னும் பாட் எழுதுகிறார்கள். அதன் எல்லாக் கட்டுரைகளையும் சுருக்கப்பட்ட கோப்பாக விக்கிமீடியா தன் தரவிறக்கப் பக்கத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.